இருபதில் எட்டு

கடைசியாக ஆடிய இருபது ஆட்டங்களில்
சிறந்த எட்டை மட்டும் எடு, சராசரி பார்.
மிச்சம் பன்னிரண்டும் பதிவில் கிடக்கும்,
யாரும் உன்னைக் கேட்கமாட்டார்கள்.
இவ்வளவு இரக்கமான கணக்கு
வரித்துறையிலும் இல்லை, கல்யாணத்திலும் இல்லை.

பகலில் ஆர்ப்ரோத் கடைத்தெருவில் மருந்துக்கடை.
வியாழன் மாலைகளில் நான்
கோல்ஃப் கிளப்பின் ஹேண்டிகேப் செயலாளர்.
எக்செல் தெரியும் என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னேன்,
அதுதான் தகுதி.

அன்று வெளியே கடல்மூட்டம்.
பதினெட்டாம் குழியின் கொடியை விழுங்கிவிட்டு
ஜன்னல்வரை வந்து நின்றது.
துறைமுகத்தில் மீன் புகையிடும் வாசனை
கோட்டுகளோடு உள்ளே வந்துவிட்டிருந்தது.

மேசைமேல் ரஸ்ஸல் மில்னின் புகார், இரண்டு பக்கம்:
டூகல் க்ராம்பி, பிளம்பர், ஹேண்டிகேப் இருபது.
சனிக்கிழமைப் போட்டியில் எண்பத்துநான்கு அடிக்கிறான்,
இருபதைக் கழித்துக்கொண்டு
கோடையில் மூன்று கோப்பை.

அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்.
இவர் அடிக்காத அடிகளால்
கோப்பை அலமாரியே நகர்ந்துகொண்டிருந்தது.

விதி தெளிவு:
ஒவ்வொரு குழியிலும்
தன்னால் இயன்ற மிகச்சிறந்த ஆட்டத்துக்கு முயலவேண்டும்.
தோற்கவும் உரிமை உண்டு,
தோற்க முயல உரிமை இல்லை.

அட்டைகளைத் தேதிவாரியாகப் பரப்பினேன்.
இருபதில் பதினாறு, புதன்கிழமை.
தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, திரும்பவும் ஏழு.
ஒவ்வொரு புதனும் கூட ஆடியவர்
அண்ணன் கீத்.
ஒவ்வொரு புதனும் டூகல் தோற்றது
ஒரே ஒரு அடியில்.

எனக்குத் தெரியும்.
திங்கள் முதல் ஞாயிறுவரை ஏழு அறைப் பெட்டியில்
கீத்துக்கு மாத்திரை நிரப்பிக் கொடுப்பவள் நான்.
என்ன மாத்திரை, எதற்கு என்று
கமிட்டியில் சொல்லக்கூடாது.
இங்கேயும் சொல்லமாட்டேன்.

ஆனால் கையெழுத்து
மருந்துச்சீட்டு அல்லவே.
சாட்சிக் கையெழுத்து இருக்கும் பக்கத்தை
மேலே திருப்பி வைத்தேன்.
மார்ச்சில் க்ராம்பி என்பது
கயிற்றில் கட்டிய படகுபோல ஒழுங்காக நின்றது.
ஏப்ரலில் அட்டையே இல்லை.
மே மாதம் திரும்பி வந்தபோது
முதல் எழுத்து சரிந்து, இரண்டாவதின்மேல் ஏறி,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி
அட்டைக்கு வெளியே போய் விழுந்தது.

கேப்டன் ஐலா பெட்ரி
முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மறுபடி போட்டுக்கொண்டு
மறுபடி பார்த்தார்.
ரஸ்ஸல் மில்ன் ஒன்றுமில்லாததற்கு இருமினார்.
சுவரில், பொன்னெழுத்துப் பலகையில்,
கிளப் சாம்பியன்கள் வரிசையில்
கீத் க்ராம்பி நான்கு முறை.

ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.
ஹீட்டர் மட்டும் டக் டக்கென்றது.

பிறகு கை தூக்கினோம். ஐந்துக்கு ஐந்து.
ஹேண்டிகேப் இருபதிலிருந்து பதினாறு.
கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன்.
காரணம் என்ற இடத்தில்
'ஆட்டப் பதிவுகளின் மறுபரிசீலனை.'

மாத்திரைப் பெட்டி வாங்க வந்தார் டூகல்.
தாழ்ந்த குரலில் சொன்னேன்:
'தொடங்குமுன் பதியாவிட்டால்
அந்த ஆட்டம் கணக்கில் ஏறாது.
புதன்கிழமைகளைச் சும்மா ஆடலாமே.'

ரசீதை நான்காக மடித்தார்.
'கீத்துக்கு அட்டை வேணும்.
எண்ணி, கையெழுத்துப் போட்டு, ஸ்கிரீனில் பார்க்கணும்.
பட்டியலில் அவன் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கணும்.
நாலு குறைச்சாச்சு இல்ல? இன்னும் ரெண்டு குறைச்சுக்கோங்க.'

இலையுதிர்காலக் கோப்பை நாளில்
எண்பத்தைந்து அடித்தார். பதினாறு போக அறுபத்தொன்பது.
ஆறாம் இடம்.
ரஸ்ஸல் மில்ன் அவருக்கு ஒரு பீர் வாங்கிக்கொடுத்தார்,
ஏன் என்று சொல்லாமல்.

நேற்று புதன்.
கீத் தொண்ணூற்றுநான்கு.
டூகல் தொண்ணூற்றைந்து.

விதிப்புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
பதிவு செய்தேன்.